கேட்கும் விலையும் விற்ற விலையும்

2012-ஆம் ஆண்டு வெளிவந்த, வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்துக்கு இணைய ஏலத்தில் இலட்சக்கணக்கில் விலை கேட்போர் உளர். கேட்ட விலையே அதன் மதிப்பு என்பர் சேகரிப்பாளருள் ஒரு சாரார். விற்ற விலையே மதிப்பு என்பர் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றே ஏற்புடையது. எத்தொகையையும் எழுதிவைக்கலாம், கொடுப்பார் வேண்டுமே!

நாணயத்தில் ஆண்டின் கீழ் மும்பைக்கு வைரமும் ஐதராபாத்துக்கு விண்மீனும் நொய்டாவுக்குப் புள்ளியும் இருக்கும். கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை. அதனை அறியாது, குறியற்ற நாணயத்தை அரியதென நம்பி ஏமாறுவாரும் உண்டு.

இதனினும் கொடியது மற்றொன்று. பழைய நாணயங்களை விற்க முனைவோரிடம், தன் பெயரைப் பயன்படுத்திச் சிலர் கட்டணமும் தரகும் வரியும் கேட்பதாக இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்பவரிடமே முன்பணம் கேட்பது எவ்வகை வாணிகம்?