கைத்தொழில் பக்கம்: ஒளியால் எழுதும் எழுத்தாணி

லேசர் பொறிப்புக் கருவியை வாங்கி மேசைமேல் வைத்தாயிற்று, ஆனால் கணினியில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என அன்பர் சிலர் நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டனர். அவர்களுக்கு விடை கூறும் தகுதி நமக்கு உண்டு. அத்தகுதி நூல்களைக் கற்று வந்ததன்று. முப்பத்தாறு பலகைகளைப் பாழாக்கி வந்தது. அந்தக் கதையையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். 1960 ஆம் ஆண்டு மே திங்களில் அமெரிக்காவின் மாலிபு நகரில் தியோடர் மைமன் என்பார் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசர் ஒளியை எழுப்பினார். நான்கே ஆண்டுகளில், 1964 இல், கரியமில வாயுவைக் கொண்டு இயங்கும் லேசர் வந்துவிட்டது. இன்று பெரிய பட்டறைகளில் மரத்தையும் அக்ரிலிக்கையும் அறுப்பது அதுவே. அதைக் கண்டவர் குமார் பட்டேல். நம் மும்பையிலிருந்து தொலைவில் இல்லாத பாராமதியிற் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்று, கடல் கடந்து சென்றவர். அடுத்த முறை பாராமதி வழியே செல்லும் அன்பர்கள் இதனைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

வீட்டு மேசைக்கு வரும் சிறு கருவி பெரும்பாலும் வேறு இனத்தது. நீல ஒளியை உமிழும் டயோடு அதன் உயிர். அவ்வொளியின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர். ஒரு சட்டத்தில் இரு திசையிலும் ஓடும் தலையில் அது பொருத்தப்பட்டிருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியின்மேல் '40 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், அது உட்கொள்ளும் மின்சாரத்தின் அளவாக இருக்கக்கூடும். வெளிவரும் ஒளியின் ஆற்றல் ஐந்து வாட்டாகவே இருக்கலாம். ஒளியாற்றல் எத்தனை வாட் என்று கேட்டே வாங்குக.

இனி மென்பொருளுக்கு வருவோம். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். வேண்டியவை இரண்டு மென்பொருள்கள். ஒன்று வரைவதற்கு, மற்றொன்று கருவியை ஓட்டுவதற்கு. வரைவதற்கு இங்க்ஸ்கேப் போதும். அது இலவசம், 2003 முதல் தன்னார்வலர் பலரின் உழைப்பால் வளர்ந்து வருவது. ஓட்டுவதற்கு, விண்டோஸ் கணினி உடையவர்கள் லேசர்ஜிஆர்பிஎல் என்பதை விலையின்றிப் பெறலாம். லைட்பர்ன் என்பது விலைக்குரியது. ஆயினும் வரைதலையும் ஓட்டுதலையும் ஒரே இடத்தில் முடித்துக் கொள்ளலாம். சில நாள் விலையின்றிப் பயன்படுத்திப் பார்க்கவும் இடம் தருகிறார்கள். கருவியின் உள்ளே ஜிஆர்பிஎல் என்ற சிறு நிரல் இருக்கிறதா என்று மட்டும் கடைக்காரரிடம் உறுதி செய்து கொள்ளுங்கள்.

யூஎஸ்பி கம்பியை இணைத்ததும் கணினி கருவியை அறியவில்லையானால், அஞ்ச வேண்டுவதில்லை. பல கருவிகளில் சிஎச்340 என்ற சில்லு உள்ளது. அதற்குரிய இயக்கியை நிறுவினால் இணைப்புக் கிட்டும். வேகம் 115200 என்று தெரிவு செய்க. பின்னர் இரண்டு அமைப்புகளைப் பார்க்க வேண்டும். $32 என்பது 1 ஆக இருக்க வேண்டும். இல்லையேல் தலை திரும்பும் மூலைகளிலெல்லாம் ஒளி நின்று கருகிய பொட்டு விழும். $30 என்பது ஆற்றலின் உச்ச எண். கருவியில் அது 1000 ஆகவும், ஓட்டும் மென்பொருளில் 255 ஆகவும் இருந்தால், நாம் முழு ஆற்றல் கேட்கும்போது கருவி கால் பங்கே தரும். 'கருவி பழுது, எழுத்து மங்கலாக விழுகிறது' என்று திருப்பி அனுப்பப் புறப்பட்ட அன்பர் ஒருவரின் குறை, இந்த ஓர் எண்ணை மாற்றியதும் தீர்ந்தது.

இங்க்ஸ்கேப்பைத் திறந்ததும் தாளின் அளவை மில்லிமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். இதன் பழைய பதிப்புகள் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கிட்டன, 0.92 ஆம் பதிப்பு முதல் 96. பழைய படத்தைப் புதிய பதிப்பில் திறந்தால், நூறு மில்லிமீட்டர்ப் பலகை தொண்ணூற்று நான்குக்குச் சற்றுக் குறைந்து நிற்பது இதனாலேயாம்.

பொறிப்பதற்கு வழி இரண்டு. எழுத்தின் ஓரத்தைக் கோடாக வரைந்து செல்வது ஒன்று. எழுத்தின் உள்ளை உழவன் சால் ஓட்டுவதுபோல வரிவரியாக நிரப்புவது மற்றொன்று. நிரப்பினால் எடுப்பாக இருக்கும். ஆனால் நேரம் விழுங்கும். 120 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பெயரை, 0.1 மில்லிமீட்டருக்கு ஒரு வரியாக நிரப்பினால் முந்நூறு வரிகள். தலை ஓடும் தொலைவு 36 மீட்டர். நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு பெயருக்குப் பன்னிரண்டு நிமிடம்.

இந்தக் கணக்கை நாம் மறப்பதற்கில்லை. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பயிலும் குழந்தைகள் முப்பத்தாறு பேருக்கும், பொங்கல் விழாவில் ஆளுக்கொரு பெயர்ப்பலகை பரிசளிப்பதென்று முடிவாயிற்று. வீட்டுக் கதவில் தமிழில் தன் பெயர் தொங்க வேண்டும் என்பது ஆசை. பெயர்ப் பட்டியலை ஒருங்குறியில் தட்டெழுதிக் கொண்டு வந்தோம். கருவி இருந்த வீட்டுக் கணினியில் வேறொரு வரைகலை மென்பொருளின் மிகப் பழைய பதிப்பு இருந்தது. அதில் ஒட்டினோம். மாதிரிக்காகச் 'சரவணன்' என்ற பெயரைச் சிறு துண்டில் பொறித்துப் பார்த்தோம். அச்சில் வார்த்தாற்போல வந்தது. மகிழ்ந்து போய், எஞ்சியவற்றை இரவு முழுதும் ஓட்டும் பொறுப்பை இளைஞர் இருவரிடம் ஒப்படைத்தோம். நல்ல பிள்ளைகள், ஏழு மணி நேரத்துக்கு மேல் கருவியை விட்டு அகலாமல் அமர்ந்திருந்தார்கள். ஆயின் இம்மாநகரிலேயே பிறந்து வளர்ந்த அவர்களுக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

நடந்தது இதுதான். ஒருங்குறியில் 'செ' என்று எழுதினால், கணினியின் நினைவில் சகர மெய்யும் அதற்குப் பின்னால் எகரக் குறியுமாகவே பதிகின்றன. திரையில் காட்டும்போது குறியை எடுத்து எழுத்துக்கு முன்னால் வைப்பது மென்பொருளின் கடமை. 'கோ' என்றால் ஒரே குறியைப் பிளந்து இருபுறமும் வைக்க வேண்டும். 'கு', 'மு', 'பூ' என்பனவற்றுக்கு உருவத்தையே மாற்ற வேண்டும். இக்கலையைக் கல்லாத பழைய மென்பொருள், நினைவில் உள்ள வரிசையிலேயே குறிகளை நிறுத்திவிடும். கொம்பு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். 'சரவணன்' என்ற பெயரிலோ கொம்பும் இல்லை, உகரமும் இல்லை. ஆகவே நம் சோதனை எதையும் சோதிக்கவில்லை! இருபத்திரண்டு பெயர்கள் சிதைந்திருந்தன. விழா மேடையில், காகித உறையைப் பிரித்த பிறகே கண்டோம்.

பெரியவர்கள் சிரித்துக் கொண்டு பொறுத்துக் கொண்டனர். அதனால் அன்று நாம் அவ்வளவாக வருந்தவில்லை என்பதே உண்மை. வருந்தியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தன் பெயரைப் பிழையின்றி எழுதக் கற்று இரண்டு திங்களே ஆனவள், வகுப்பு நோட்டில் பக்கம் முழுவதும் தன் பெயரைப் பலகையில் உள்ளபடி கொம்பை இடம் மாற்றி எழுதிக் கொண்டு வந்திருந்தாள். ஏன் அம்மா இப்படி என்று ஆசிரியை கேட்டதற்கு, "நான்தான் இதுவரை தப்பா எழுதிக்கிட்டிருந்தேன், டீச்சர்" என்றாள். மரத்தில் எரிந்த எழுத்தைக் குழந்தை ஐயுறுமா? தன்னை ஐயுற்றாள். அந்த நோட்டை ஆசிரியை நம்மிடம் காட்டியபோது நமக்கு மறுமொழி இல்லை.

பலகைகளைத் திரும்பப் பெற்று மீண்டும் செய்தோம். இம்முறை கைக்கொண்ட வழியை அன்பர்களும் கைக்கொள்ளலாம். தமிழ் எழுத்தை முறையாகக் கோக்க வல்ல மென்பொருளிலேயே தட்டெழுதுங்கள். இங்க்ஸ்கேப் அதனைச் செவ்வனே செய்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. தட்டெழுதி முடித்ததும் 'பாதை' என்ற பட்டியிலுள்ள, பொருளைப் பாதையாக்கும் கட்டளையைக் கொடுங்கள். அதன் பின் அது எழுத்தன்று, வெறும் வடிவம். எந்தக் கணினிக்குக் கொண்டு சென்றாலும் மாறாது. மாறாது என்பதனால் பிழையும் மாறாது. ஆதலால் அந்த வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்டுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்த பின்னரே பலகையைக் கருவியில் வைக்க வேண்டும். மாதிரிப் பெயராக ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், உகரம், ஊகாரம் யாவும் வருமாறு ஒன்றைத் தேர்ந்து கொள்ளுங்கள். அப்படி ஒரு பெயர் உலகில் இல்லாவிட்டால் என்ன, ஒரு துண்டுப் பலகைதானே! மராத்தி அண்டை வீட்டார் பெயர்ப்பலகை கேட்டாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். தேவநாகரியின் குறில் இகரக் குறியும் நினைவில் பின்னும் கண்ணுக்கு முன்னுமாக நிற்பதே.

வேகமும் ஆற்றலும் பலகைக்குப் பலகை மாறும். ஒரே பலகையில் சிறு கட்டங்களாக, மேலிருந்து கீழாக வேகத்தையும் இடமிருந்து வலமாக ஆற்றலையும் மாற்றிப் பொறித்துப் பார்த்துப் பொருத்தமானதைக் குறித்து வைப்பது நலம். மும்பை மழைக்காலத்தில் ஒட்டுப்பலகை ஈரம் குடித்து வளையும். வளைந்த இடத்தில் ஒளியின் குவியம் தப்பும். எழுத்து ஒரு புறம் கறுத்தும் மறு புறம் வெளுத்தும் இருக்கும். தண்ணீர் தாங்கும் கடல்வகை ஒட்டுப்பலகை அறுப்பதற்கு ஆகாது. அதன் பசை ஒளிக்கு எளிதில் இடங்கொடாது.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடிப்பது குற்றமாகும். கருவி ஓடும்போது அறையில் உள்ள ஒவ்வொருவரும், வேடிக்கை பார்க்கும் குழந்தை உட்பட, 450 நானோமீட்டருக்கு உரியது என்று குறிக்கப்பட்ட கண்ணாடியை அணிய வேண்டும். வெயிற்கண்ணாடி உதவாது. ரெக்சினையும் பிவிசியையும் ஒருபோதும் எரிக்காதீர்கள். அவற்றிலிருந்து எழும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், கருவியின் இரும்பையும் அரிக்கும். பணப்பை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் பெயர் பொறிக்க முனைவோர் அது தோல்தானா என்று முதலில் அறிக. புகை வெளியேறச் சன்னலில் விசிறி வேண்டும். ஒற்றை அறைக் குடியிருப்பில் இது கடினம் என்பதை அறிவோம். அவர்கள் சங்க மண்டபத்துப் பின்கட்டைப் பயன்படுத்திக் கொள்ளலாம். எரியும் கருவியைத் தனியே விட்டுக் காப்பி குடிக்கப் போகாதீர்கள்.

பலகைகள் முடிந்தபின், வகுப்பறைக் கதவுக்குத் 'தமிழ் வகுப்பு' என்று எழுத்துகளையே அறுத்து ஒட்ட விரும்பினோம். இங்கே வேறொரு சிக்கல் எழுந்தது. ஆங்கில எழுத்துகளுள் 'ஐ', 'ஜே' என்னும் இரண்டின் சிறு வடிவங்களுக்கே தலையில் புள்ளி; நமக்கோ மெய்யெழுத்துதோறும் புள்ளி. எழுத்தை அறுத்தால் புள்ளி தனியே கழன்று விழும். ஓலையில் எழுதிய முன்னோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள். நாம் அவ்வாறு விடுவதற்கில்லை. புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே மெல்லிய கழுத்து ஒன்று வரைந்து, இரண்டையும் ஒன்றாக்கும் கட்டளையால் இணைத்துவிடலாம்; அழகு சற்றுக் குன்றும். அன்றி, எழுத்துகளைப் பின்பலகையில் ஒட்டும்போது புள்ளியையும் கையால் ஒட்டலாம். நாம் பின்னதையே தெரிந்து கொண்டோம்.

காகிதத்தில் அச்சிட்ட மாதிரியைச் சரிபார்க்கும் பணியை இம்முறை அந்தச் சிறுமியிடமே கொடுத்திருந்தோம். அறுத்து முடித்து எழுத்துகளை ஒட்டும் வேளையில் இரண்டு புள்ளிகளுள் ஒன்றைக் காணவில்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடி எடுத்து வந்தவள், அதைப் பகரத்தின் தலையில் வைத்து, பசை காயும் மட்டும் விரலை எடுக்கவில்லை.