'|| ட்ரூ' என்னும் பச்சைப் பொய்

லினக்ஸ் கர்னலுக்கு டிரைவர் எழுதுறவங்க, அதைச் சோதிக்க ஒரு ஷெல் ஸ்க்ரிப்டும் எழுதுவாங்க. பழைய மாட்யூலை ஆர்எம்மாட் போட்டுக் கழட்டு, புதுசை மாட்ப்ரோப் போட்டு ஏத்து, டெஸ்டை ஓட்டு. மூணே வரி. முதல் வரிக்குப் பின்னாடி '|| ட்ரூ'ன்னு ஒரு வால் ஒட்டியிருக்கும் பாருங்க, அந்த வால் மேலதான் எனக்குக் கோபம்.

"கழட்ட முடியலைன்னாலும் பரவாயில்லை, மேல போ"ன்னு அதுக்கு அர்த்தம். முதல் தடவை ஓட்டும்போது மாட்யூல் ஏறியே இருக்காது, ஆர்எம்மாட் பிழை சொல்லும், 'செட் -ஈ' போட்ட ஸ்க்ரிப்ட் அங்கேயே நின்னுடும். அதுக்காக ஒட்டுறாங்க. நியாயமாத்தான் தெரியும்.

ஆனா மாட்யூலை வேற ஏதாவது ப்ராசஸ் பிடிச்சுக்கிட்டு இருந்தாலும் ஆர்எம்மாட் பிழைதான் சொல்லும். வால் ரெண்டையும் சேர்த்து முழுங்கிடும். அடுத்து நடக்கறதுதான் கூத்து. மாட்யூல் ஏற்கனவே ஏறியிருந்தா மாட்ப்ரோப் ஒண்ணும் செய்யாது, ஆனா 0, அதாவது வெற்றின்னு சொல்லிட்டுப் போயிடும்! புதுசாக் கொடுத்த பாராமீட்டரும் காத்தோட போச்சு. ஸ்கஸி_டீபக்னு ஒரு போலி டிஸ்க் டிரைவர் இருக்கு. அது 8 எம்பி டிஸ்க்கோட ஏறி நிக்கும்போது 256 கேட்டுப் பாருங்க, அதே 8 எம்பிதான். நேத்தைய டிரைவரைச் சோதிச்சு இன்னைக்கு 'பாஸ்'னு பச்சை விளக்கு. கிடங்கு பூட்டியிருந்ததால போன வருஷ சரக்குக் கணக்கையே எழுதிட்டேன்னு ஒரு ஆடிட்டர் சொன்னா சும்மா விடுவோமா?

"வாலை எடுத்தா டெஸ்ட் சும்மா சும்மா சிவப்பாகுதே"ம்பாங்க. உண்மைதான். டிஸ்க் தெரிஞ்ச உடனே யூடெவ் அதைத் திறந்து பார்க்கும், அந்த நேரத்துல கழட்ட வராது. அப்போ கொஞ்சம் காத்திருந்து திரும்ப முயற்சி பண்ணணும், அதுக்கும் ஒரு காலக்கெடு வேணும். பிளாக்டெஸ்ட்ஸ் அப்படித்தான் பண்ணுது. (ஆர்எம்மாட் -எஃப் போடற வீரர்களோட நான் பேசத் தயாரில்லை. கர்னலே தன்மேல கறைன்னு குறிச்சுக்குது!) ஓட்டத் தேவையானது அந்த மெஷின்ல இல்லவே இல்லைன்னா 'ஸ்கிப்'னு சொல்ல கேசெல்ஃப்டெஸ்ட்ல 4-ன்னு தனி எண்ணே இருக்கு. அப்புறம் ஏன் 0?

முதல்ல /ப்ராக்/மாட்யூல்ஸ்ல பேர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ஆர்எம்மாட்டே வேண்டாம். இருந்து, கெடு முடிஞ்சும் கழட்ட முடியலைன்னா அங்கேயே நிறுத்துங்க. ஏத்தும்போது மாட்ப்ரோப்புக்கு '--ஃபர்ஸ்ட்-டைம்' கொடுத்தா, ஏற்கனவே ஏறியிருந்தா ஒழுங்காப் பிழை சொல்லும். மாட்யூல் கோப்புப் பேர்ல '-' இருந்தாலும் அந்தப் பட்டியல்ல '_'தான் வரும், க்ரெப் போடும்போது ஏமாந்துடாதீங்க.