கைவலையில் கோட்டை விடலாமா?

மழையில் நிரம்பிய பண்ணைக்குட்டைகளில் மீன் குஞ்சு விட விவசாயிகள் ஆயத்தமாகும் நேரம் இது. சுண்ணாம்பும் சாணமும் இட்டு, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளுக்குச் சொல்லியும் வைத்துவிடுகிறார்கள். அவற்றை அள்ளப் போகும் கைவலையை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய நரம்பு வலைத் துண்டைக் கம்பி வளையத்தில் கட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மீனின் உடல்மேல் உள்ள வழவழப்பான கோழைப் படலம்தான் அதற்குக் கவசம். வலையின் முடிச்சு உரசினால் படலம் வழிந்து, செதில் உதிர்ந்து, அந்த இடத்தில் பஞ்சு போலப் பூஞ்சை படரும். காயம்பட்ட குஞ்சு உடனே சாவதில்லை. சில நாள் கழித்துத்தான் மிதக்கும். அதற்குள் வலை மறந்துபோகும். பழி குஞ்சு கொடுத்த பண்ணைமீது விழும்.

எக்டேருக்கு 10,000 குஞ்சு என்ற கணக்கில், 10 சென்ட் குட்டைக்குச் சுமார் 400 குஞ்சுகள். அதில் 40 செத்தால், ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வளர்ந்திருந்தாலும் 30 கிலோ மீன் போயிற்று. ஒரு நல்ல கைவலையின் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, முடிச்சில்லாமல் பின்னிய மென்மையான நைலான் வலையா என்பது. கண், குஞ்சின் தலை நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். தலை நுழைந்தால் செவுள் மாட்டிக்கொள்ளும். கொசுவலைத் துணி மிகச் சிறிய குஞ்சுகளுக்குச் சரி. விரலளவு குஞ்சுகளை அள்ள அதை இழுத்தால் தண்ணீர் வடியாமல் கை கனக்கும். குஞ்சுகளுக்குப் பை ஆழமில்லாமல் இருக்கட்டும். ஆழமானால் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து அடியில் உள்ளவை நசுங்கும். பெரிய மீனுக்கு மாறாக ஆழமான பை வேண்டும். இல்லையென்றால் துள்ளி வெளியே விழும். வளையத்தில் துருவோ கம்பி முனையோ இருக்கக் கூடாது. முள்துடுப்பு உள்ள கெளுத்தி வலையில் சிக்கிக்கொள்ளும். அதை இழுத்துப் பிடுங்காமல் வலையைத் தண்ணீரில் தளர்த்தி விடுவிக்க வேண்டும்.

கைவலையால் மீனைத் துரத்தக் கூடாது. இழுவலையால் ஒரு மூலையில் ஒதுக்கி, வெயில் ஏறுமுன் அள்ளுவதே முறை. வலையை நனைத்து, மீனுக்கு அடியில் செலுத்தி மெதுவாகத் தூக்குங்கள். ஒரு தடவைக்குக் கொஞ்சமாக அள்ளி, உடனே தண்ணீருள்ள வாளிக்கு மாற்றுங்கள். பெரிய மீன் என்றால் காம்பை மட்டும் நம்பாமல் மற்றொரு கையால் வளையத்தைப் பிடியுங்கள்.

இன்னொன்று, இரவல் வலை. ஒரு குட்டையின் மீன் பேனும் புண் நோயும் ஈர வலையோடு அடுத்த குட்டைக்குப் போய்விடும். ஆளுக்கொரு வலை நல்லது. இரவல் தவிர்க்க முடியாவிட்டால், நன்றாக அலசி, வெயிலில் முழுதும் காய்ந்த பிறகே தண்ணீரில் இறக்குங்கள். காய்ந்ததும் நிழலில், எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தொடர்ந்து வெயிலில் கிடந்தால் நைலான் இற்றுப்போகும்.

குட்டை வெட்டவும் குஞ்சு வாங்கவும் மானியம் உண்டு. அந்தப் பட்டியலில் தரமான கைவலை ஒன்றும் சேர வேண்டும். குஞ்சு வழங்கும் நாளில், குட்டைக்கரையிலேயே அள்ளிக் காட்டும் பத்து நிமிடப் பயிற்சியைக் கள அலுவலர்கள் கட்டாயமாக்கலாம். செலவு சிறிது, காப்பாற்றப்படுவது ஓராண்டு உழைப்பு.