பைபிளும் பூவும்

இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே போர்ன்வில் என்னுமிடத்தில் காட்பரி கம்பெனியார் 1879-ல் சாக்லெட் தொழிற்சாலை ஏற்படுத்தினார்கள். மைதானமும் தோட்டத்தோடு கூடிய வீடுகளும் அமைத்த தர்மவான்கள் என்று உலகம் அவர்களைப் புகழ்கின்றது. புகழட்டும். ஆனால் அங்கு உழைத்த பெண்களின் நினைவில் வேறொன்றும் இருக்கின்றது. அக்காலத்தில் கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. போகும்போது கையில் ஒரு பைபிளும் ஒரு கார்னேஷன் பூவும் கொடுத்தனுப்புவார்கள். கல்யாணமான ஆணுக்கோ வேலை போகவில்லை.

பைபிளைப் படித்தால் பசி தீருமா? பூவைக் கொடுத்தால் கடைக்காரன் அரிசி அளப்பானா? பெண்ணின் சம்பளத்தைப் பிடுங்கிவிட்டுப் புருஷன் கையை எதிர்பார்க்க வைப்பதுதான் தர்மமா என்று கேட்கின்றோம். முதலாளியின் தயவு வேறு. தொழிலாளியின் உரிமை வேறு. தயவாய்க் கொடுத்ததை எந்த நிமிஷத்திலும் பறிக்கலாம். ஆகவே, பெண்மக்கள் கேட்க வேண்டியது பரிசல்ல, வேலை என்போம்.