11-ம் எண் கூண்டு சொல்லும் பாடம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால், கடற்கரையில் யாரும் நீண்ட விளக்கம் கேட்பதில்லை. "எத்தனாம் எண்?" என்றுதான் கேட்பார்கள்.

1-ம் எண் என்றால் தூரக் கடலில் புயல் சின்னம். 10-ம் எண் என்றால் பெரும் அபாயம். 11-ம் எண் என்றால், புயல் எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது!

"செய்தி வரவில்லை" என்று சொல்லவும் ஓர் எண் வைத்தார்கள். எவ்வளவு நல்ல யோசனை!

இன்று கட்டணம் கட்டுவதும் மனுப் போடுவதும் செல்போனில். பொத்தானை அழுத்தியதும் எங்கோ இருக்கும் சர்வருக்கு ஒரு சீட்டு போகிறது. சீட்டை எப்படி எழுத வேண்டும், பதில் எப்படி வரும் என்ற ஏற்பாட்டுக்குத்தான் 'ஏ.பி.ஐ.' என்று பெயர்.

பதிலோடு ஓர் எண்ணும் வரும். 200 என்றால் சரி. 404 என்றால் கேட்டது அங்கே இல்லை. 400 வரிசை, கேட்டவர் பக்கத் தவறு. 500 வரிசை, சர்வர் பக்கத் தவறு. தொடர்பு அறுந்தால் எண்ணே வராது. அதுதான் 11-ம் எண் கூண்டு!

ஆனால், திரையில் வருவது என்ன? "ஏதோ தவறு நடந்துவிட்டது!" அவ்வளவுதான்.

பணம் போயிற்றா, இல்லையா? மறுபடி அழுத்தலாமா, கூடாதா? கூலி வாங்கி வந்தவர் திகைத்து நிற்கிறார்.

செயலி எழுதுவோரே! பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாகச் சீட்டு எழுதாதீர்கள். எல்லாச் சீட்டும் ஒரே வாசல் வழியாகப் போகட்டும். வரும் எண்ணை அந்த வாசலிலேயே நல்ல தமிழில் சொல்லுங்கள். பணச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுங்கள். ஒரே சீட்டு இரண்டு முறை வந்தாலும், சர்வர் ஒரு முறைதான் பணம் எடுக்க வேண்டும்.

பதில் தெரியவில்லையா? "தெரியவில்லை, பொறுங்கள்" என்றே சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. துறைமுகமே சொல்கிறதே!