தவக்காலத்தில் நிறுத்தியவர் ஈஸ்டரில் ஏன் தொடங்குகிறார்?

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, "நாற்பது நாளைக்குத் தொட மாட்டேன்" என்று மனைவியிடம் சொல்லும் ஆண்கள் சென்னைக் கடற்கரையில் நிறையப் பேர் உண்டு. சாந்தோம் பேராலயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் இது பழகிய பேச்சு. பலர் சொன்னபடி இருந்தும் காட்டுகிறார்கள். அந்த நாட்களில் கடலிலிருந்து வந்த காசு வீட்டுக்கு வந்து சேருகிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பாக்கியில்லை. உயிர்ப்புப் பெருவிழாப் பூசை முடிந்து, பகல் 12 மணிக்கு டாஸ்மாக் மதுக்கடைக் கதவு திறக்கும்போது அதே ஆள் அங்கே நிற்கிறார். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரும் மாலையைக் கழற்றிய கையோடு அங்கேதான் வருகிறார். இந்த வரிசையில் மதபேதம் கிடையாது.

"நாற்பது நாள் இருக்கத் தெரிந்தவனுக்கு மேற்கொண்டு இருக்கத் தெரியாதா? எல்லாம் திமிர்" என்பது ஊர் சொல்லும் விளக்கம். பிரசங்க மேடையிலிருந்தும் பல நேரம் இதுவே கொஞ்சம் மெருகேறி வருகிறது. ஆனால் கிறிஸ்தவத்தின் மூல நூல்கள் இப்படிப் பேசவில்லை.

ரோமருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல், தான் விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல், வெறுக்கும் தீமையையே செய்துகொண்டிருப்பதாகப் புலம்புகிறார். எழுதியவர் குடிகாரர் அல்ல, திருத்தூதர். அவருக்குப் பின் சுமார் 350 ஆண்டுகள் கழித்து, புனித அகுஸ்தினார் தன் இளமையைத் திறந்து காட்டி எழுதியபோது இன்னும் நுட்பமாகப் போனார். தவறான விருப்பத்திலிருந்து ஆசை, ஆசைக்கு இடம் கொடுக்கக் கொடுக்கப் பழக்கம், எதிர்க்காமல் விட்ட பழக்கத்திலிருந்து கட்டாயம். ஒன்றோடொன்று கோத்த இந்தக் கண்ணிகள்தான் தன்னைக் கட்டிய சங்கிலி என்றார். அவரைக் கட்டியிருந்தது காமம். மதுவால் கட்டுண்டவரும் இந்த வரிசையைக் கேட்டால் தலையாட்டுவார். பாவமா, நோயா என்று இன்று நடக்கும் சண்டை இவர்களுக்குப் புரிந்திருக்காது. சிறைப்பட்ட மனது என்ற ஒரே நிலையைத்தான் இருவரும் பார்த்தார்கள்.

பீடத்துக்கு மிக அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலிக்கு உண்மையான திராட்சை இரசம் கட்டாயம். பூசை வைக்கும் குருவே குடிநோயாளியாக இருந்தால்? 2003 ஜூலையில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அனுப்பிய சுற்றறிக்கையின்படி, புளிக்கத் தொடங்கிய அளவிலேயே நிறுத்திய, போதை ஏறாத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி தரலாம். "சாமியாருக்கு மனஉறுதி போதாது" என்று திருச்சபை சொல்லவில்லை. ஒரு மிடறுகூட அவருக்கு ஆபத்து என்பதை ஏற்று, விதியை வளைத்துக் கொடுத்தது. குருவுக்குக் காட்டிய இந்தப் புரிதல் குப்பத்து மீனவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்தப் புரிதல் இன்னொரு குடிகாரரிடமிருந்தே கிடைத்த கதை ஒன்று உண்டு. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து ஏக்ரன் நகரில், தொழில் முயற்சி தோற்றுப்போய் ஓட்டல் கூடத்தில் தவித்துக்கொண்டிருந்தார் பில் வில்சன். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். பட்டியலில் இருந்த ஒரு போதகரை அழைத்து, தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த நாளான ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் பிறந்தநாள். 'ஆக்ஸ்ஃபோர்டு குழு' என்ற கிறிஸ்தவ அமைப்பிலிருந்து பாவ அறிக்கை, இழப்பை ஈடுசெய்தல், கடவுளிடம் கையளித்தல் ஆகியவற்றை அது எடுத்துக்கொண்டது. எந்த மதத்தவரும் வரலாம் என்று கதவையும் திறந்து வைத்தது. வில்சன் கடைசியாகக் குடியை விட்டது நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில், மருத்துவர் சில்க்வொர்த்தின் கண்காணிப்பில் என்பதையும் மறக்கக் கூடாது. இறைஅனுபவமும் மருந்தும் ஒரே கட்டிலில் கிடைத்தன.

ஏக்ரனில் குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. 1939-இல் அங்குள்ள ஒரு மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் இருந்த அருட்சகோதரி இக்னேஷியா, 'கடும் இரைப்பை அழற்சி' என்று பதிவேட்டில் எழுதி ஒருவரை உள்ளே விட்டார். பூங்கொத்துகளைச் சீர்படுத்தும் அறையில் அவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். பின்னாளில், குணமாகிப் போகிறவர்களிடம் திருஇருதயப் படம் போட்ட சின்னமொன்றைக் கொடுப்பார் சகோதரி. திரும்பவும் குடிப்பதானால் முதலில் அதைக் கொண்டுவந்து தன்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மருத்துவமனையின் பெயர் புனித தோமையார். சாந்தோமில் கல்லறை கொண்டிருப்பதாக நம்பப்படும் தோமையாருக்கும் அதே பெயர்தான்.

மருத்துவத்தை ஒதுக்கிவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் வியர்த்து, நடுங்கி, இல்லாத உருவங்களைப் பார்த்து அலறலாம். உபவாசக் கூட்டத்தில் இதைப் பேய் அலறுவதாக எடுத்துக்கொள்வது எளிது. உண்மையில் அது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசரம்.

அதற்கான சிகிச்சை தூரத்தில் இல்லை. பட்டினப்பாக்கத்திலிருந்து அடையாற்றைத் தாண்டினால் இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை அது. நோயாளியோடு குடும்பத்துக்கும் சிகிச்சை தேவை என்று ஆரம்பத்திலிருந்தே வற்புறுத்திய இடம். ஆலயங்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். அடி வாங்கி வந்த பெண்ணிடம் "பொறுமையா ஜெபம் பண்ணும்மா" என்று சொல்லி அனுப்புவது மேய்ப்புப் பணி ஆகாது.

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது உதவி பெறுகிறார். தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் 2003 முதல் அரசின் கையில். அதனால் கடையை மூடச் சொல்லிக் குரல் கொடுப்பது நியாயம்தான். 2015-இல் குமரி மாவட்டத்தில், ஆலயத்துக்கும் பள்ளிக்கும் அருகில் இருந்த கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்டார். என்றாலும் கடையை எதிர்த்து ஊர்வலம் போவது, குடித்தவர் பக்கத்தில் வாரம்தோறும் உட்காருவதைவிடச் சுலபம்.

தவக்காலம் பலருக்குப் பலிப்பதற்குக் காரணம் மனஉறுதி மட்டுமல்ல. அப்போது வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை உண்டு, ஊரே சேர்ந்து விரதம் இருக்கிறது, 'எப்படி இருக்கே?' என்று கேட்க ஆள் இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு இதெல்லாம் ஒரே நாளில் காணாமல் போகிறது. மூளையில் பதிந்த பழைய தடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எனவே சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரையுள்ள பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள். பீடத்தின் முன் சத்தியம் வாங்குவதற்கு முன்னால், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கோ வேறு நல்ல சிகிச்சை மையத்துக்கோ அவரை அழைத்துப் போக ஒரு ஆளை அனுப்புங்கள். ஈஸ்டருக்கு அடுத்த வாரமே பங்குப் பள்ளியில் ஒரு வகுப்பறையை மாலையில் திறந்து, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் எந்த மதத்தவராயினும் கூடிப் பேச விடுங்கள். மனைவிமார்களுக்கு இன்னொரு அறை கொடுங்கள். அறிவிப்புப் பலகையில் பூசை நேரங்களுக்குக் கீழே, போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446 என்பதையும் எழுதி வையுங்கள்.