ரமணரிடம் கேட்டார்கள், நம் பாட்டியிடம் கேட்பார்களா?

செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டிப் போகும் எல்லோருக்கும் 1950 ஏப்ரல் 14 தெரியும். (நமக்கு அது அம்பேத்கர் பிறந்த நாளும்கூட.) அதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததைத்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. ரமணருக்கு இடது கையில் சார்கோமா என்னும் புற்றுநோய். 1949இல் மட்டும் நான்கு முறை அறுவை செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 69. சென்னையிலிருந்து நிபுணர்கள் ஆசிரமத்துக்கே வந்தார்கள், ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். கையை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது அவர் வேண்டாம் என்றார். அவர்களும் எடுக்கவில்லை.

அவருக்கு அது கிடைத்ததில் நமக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதே சாலையில், பௌர்ணமி முடிந்த காலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் குப்பையை அள்ளும் அம்மாக்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

கிடைப்பது என்ன? ஒன்று, "வயசாயிடுச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." அல்லது, எதையும் விசாரிக்காமல் கத்தி. பாட்டியை ஒருமையில் கூப்பிட்டு, பேச்சையெல்லாம் மகனிடம் பேசி, கடைசியில் கைநாட்டு மட்டும் பாட்டியிடம் வாங்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆள்தான் முதியோர் நல மருத்துவர். நடக்க முடிகிறதா, ரத்தசோகை உண்டா, என்னென்ன மாத்திரை ஓடுகிறது, ஞாபகம் எப்படி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், இந்த அறுவை அவருக்கு வேண்டுமா என்று அவர் கேட்பார். தேவைப்பட்டால் சில வாரம் உடம்பைத் தேற்றிவிட்டு அறுவைக்கு அனுப்புவார். அறுவைக்குப் பிறகு மூப்பில் வரும் மனக்குழப்பத்தைப் "பேய் பிடிச்சிருக்கு" என்று விட்டுவிடாமல் கவனிப்பார்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 75 வயதைத் தாண்டிய 1,892 நோயாளிகள். அறுவை மருத்துவரோடு முதியோர் நல மருத்துவரும் சேர்ந்து பார்த்தவர்களில் 90 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 4.3 விழுக்காடு, அப்படிப் பார்க்கப்படாதவர்களில் 8.9. சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல என்பதால் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் ஏறத்தாழ பாதி.

75 என்ற கோடு நம் தெருவுக்குப் பொருந்தாது, தோழர்களே. பத்து வயதில் செங்கல் சுமக்கத் தொடங்கிய உடம்பு அறுபதிலேயே மூத்துவிடும். ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியே பலருக்கு உத்தேசம். அதனால் வயதைப் பார்க்காமல் உடம்பையும் வீட்டையும் பார்க்கும் மருத்துவம், மற்ற எவரையும்விட நமக்கே அதிகம் தேவை. துணைக்கு ஒருவர் வார்டில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. இதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும் சிகிச்சைதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவு வந்தது. இந்தப் படிப்பில் நாட்டின் முதல் எம்.டி. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024இல் திறக்கப்பட்டது. எல்லாம் சென்னையில். இங்கிருந்து பஸ் ஏறி, நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து போகக் கூடியவர்களுக்கு அது உதவும். புற்றுநோய்க் கட்டியோடு இருக்கும் பாட்டி எப்படிப் போவார்?

மாவட்ட மருத்துவமனைகளில் முதியோருக்குப் பத்துப் படுக்கை வார்டு வேண்டும் என்று ஒன்றிய அரசின் முதியோர் நலத் திட்டம் 2010–11 முதலே சொல்கிறது. திருவண்ணாமலையில் 2013 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய். இங்கே படிக்கும் மாணவர்கள் இந்த மாதமே போடுங்கள்: அந்த வார்டு எங்கே, முதியோர் நல மருத்துவர் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் புற்றுநோய் அறுவைக்கு முன் அவர்களிடம் அனுப்பப்பட்ட முதியவர்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதில் வந்ததும் நகலை எங்களுக்கு அனுப்புங்கள்.